நாணயம் தவறிய நாணயம்

'நாணயம்' என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். 'அவர் நாணயமானவர்' என்று ஊரார் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் பெட்டியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அவர் சொல்லை நம்பலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். முதற்பொருளாகிய காசு, இரண்டாம் பொருளாகிய நேர்மையின் மீதே நிற்கிறது என்பதை ஒரு நாடு பெருந்துன்பத்தின் வழியாகக் கற்றுக்கொண்டது. அந்த நாடு ஜெர்மனி, ஆண்டு 1923.

சந்தையில் விலைவாசி கொந்தளிப்பதும், அரசியலில் கலகம் மூள்வதும், வீட்டில் அடுப்பு எரியாமல் போவதும் மூன்று தனித்தனித் துன்பங்கள் என்று நாம் நினைப்பதுண்டு. அவை மூன்றும் ஒரே புயலின் மூன்று அலைகள் என்பதை அவ்வாண்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. வரலாற்றுப் பாடத்தில் சில வரிகளில் கடந்து போகும் அந்நிகழ்ச்சியை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

நோட்டு என்பது ஒரு வாக்கு

ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதை வைத்திருப்பவருக்குப் பத்து ரூபாய் தருவதாக ரிசர்வ் வங்கியின் ஆளுநர் உறுதி கூறிக் கையொப்பமிட்டிருப்பார். வெறும் காகிதத்துக்கு மதிப்பைத் தருவது அந்த வாக்குறுதியும், அதன்மீது மக்கள் வைத்த நம்பிக்கையுமே ஆகும்.

1914ஆம் ஆண்டு வரை ஜெர்மனியின் மார்க் உலகில் உறுதியான பணங்களுள் ஒன்றாக இருந்தது. ஓர் அமெரிக்க டாலருக்கு 4 மார்க் 20 பென்னிக் என்பது மாறாத விலை. நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஜெர்மானிய மத்திய வங்கி தங்கமாக மாற்றித் தர வேண்டும் என்பது சட்டம். சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற அந்நாட்டு மக்கள் சேமிப்பு வங்கியிலும், ஆயுள் காப்பீட்டிலும், அரசுக் கடன் பத்திரங்களிலும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தார்கள். மகளின் திருமணத்துக்கு, முதுமைக்கு, நோய்நொடிக்கு என்று ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நோக்கம் இருந்தது.

வரி கேளாமல் நடத்திய போர்

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. நோட்டுக்குத் தங்கம் தரும் கடமையை அரசு உடனே நிறுத்தி வைத்தது. போருக்கான செலவை வரியாகக் கேட்டால் மக்கள் முணுமுணுப்பார்கள் என்று அஞ்சிய அரசு, பெரும்பாலும் கடன் வாங்கியே போரை நடத்தியது. 9 முறை போர்க்கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. பள்ளிப் பிள்ளைகள்கூடத் தங்கள் சில்லறைக் காசைப் போர்க்கடனுக்குக் கொடுக்கும்படி ஊக்குவிக்கப்பட்டார்கள். இவ்வாறு சேர்ந்த தொகை சுமார் 9,800 கோடி மார்க். போதாததற்கு நோட்டு அச்சிடப்பட்டது.

இந்தக் கடனை யார் அடைப்பது? 'போரில் வென்றதும், தோற்ற நாடுகளிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம்' என்பதே ஆட்சியாளர் எண்ணம். அயலான் பணத்தை நம்பி எழுதிய கணக்கு அது. 1918 நவம்பரில் ஜெர்மனி தோற்றது. 1919இல் கையெழுத்தான வெர்சேல்ஸ் உடன்படிக்கையின்படி இழப்பீடு செலுத்த வேண்டிய கட்சி ஜெர்மனியே ஆயிற்று. 1921 மே மாதத்தில் அத்தொகை 13,200 கோடி தங்க மார்க் என்று விதிக்கப்பட்டது.

போர் முடிந்ததும் புதிய குடியரசு தோன்றியது. 1919 ஜனவரியில் ஜெர்மானியப் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார்கள். ஆனால் அக்குழந்தைக் குடியரசு பிறந்தபோதே கடன் சுமையோடு பிறந்தது. காயம்பட்ட வீரர்களுக்கும், கணவரை இழந்த பெண்களுக்கும், வேலையற்றோருக்கும் உதவ வேண்டியிருந்தது. வேண்டிய அளவு வரி வசூலிக்கும் துணிவும் வலிமையும் அரசுக்கு இல்லை. குறைந்த தொகையை அச்சு எந்திரம் ஈடு செய்தது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊர்ச் சந்தையில் 100 தேங்காய் இருக்கின்றன. வாங்க வந்தவர் கையில் மொத்தம் 100 ரூபாய் இருக்கிறது என்று கொள்வோம். தேங்காய் ஒன்று ஒரு ரூபாய்க்கு விற்கும். மறுநாள் வந்தவர் கையில் 1,000 ரூபாய். தேங்காயோ அதே 100. விலை பத்து ரூபாய் ஆகிவிடும். நாளை இன்னும் ஏறும் என்று தெரிந்தால் எவரும் காசைக் கையில் வைத்திருக்க மாட்டார். இன்றே வாங்க முண்டியடிப்பார். அந்த அவசரமே விலையை மேலும் ஏற்றும். பணவீக்கம் என்பது இதுதான். அதன் முதற்காரணம் காகிதம் பெருகுவது. அதைக் காட்டுத்தீ ஆக்குவது நம்பிக்கை போவது.

ரூர்ப் பள்ளத்தாக்கு

1922 ஜூன் 24 அன்று வெளிநாட்டு அமைச்சர் வால்டர் ராத்தனோ பெர்லின் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் யூதர், இழப்பீட்டைப் பேச்சுவார்த்தையால் தீர்க்க முயன்றவர். நாட்டின் துன்பங்களுக்கெல்லாம் அவரே காரணம் என்று வெறுப்பைப் பரப்பியவர்களின் வேலை அது. அக்கொலைக்குப் பின், உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் மார்க்கின் மீது வைத்திருந்த எஞ்சிய நம்பிக்கையும் ஆட்டங்கண்டது.

இழப்பீட்டில் தர வேண்டிய மரமும் நிலக்கரியும் குறைந்தன என்று கூறி, 1923 ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பகுதிக்குள் நுழைந்தன. நிலக்கரியும் இரும்பும் விளையும் அப்பகுதி ஜெர்மனியின் தொழில் இதயம். அங்குள்ள தொழிலாளரும் ஊழியரும் ஒத்துழைக்க மறுத்து வேலையை நிறுத்தினர். ஆயுதம் ஏந்தாத அந்த எதிர்ப்பை அரசு ஆதரித்தது. ஆனால் வேலை செய்யாத பல இலட்சம் பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும். நிலக்கரியை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும். அப்பகுதியிலிருந்து வர வேண்டிய வரியும் நின்றது. மீண்டும் அச்சு எந்திரமே துணை ஆயிற்று. 30 காகித ஆலைகளும் 130க்கு மேற்பட்ட அச்சகங்களும் நோட்டு அடிக்கவே இயங்கின. நேரமும் மையும் மிச்சமாக நோட்டின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுவதும் வழக்கமாயிற்று.

ஒரு டாலருக்குக் கொடுக்க வேண்டிய மார்க் எவ்வாறு ஏறியது என்று பாருங்கள்.

1914 ஜூலை – 4.20
1920 ஜனவரி – சுமார் 65
1922 ஜனவரி – சுமார் 190
1923 ஜனவரி – சுமார் 18,000
1923 ஜூலை – சுமார் 3,50,000
1923 ஆகஸ்ட் – சுமார் 46 இலட்சம்
1923 செப்டம்பர் – ஏறக்குறைய 10 கோடி
1923 அக்டோபர் – சுமார் 2,500 கோடி
1923 நவம்பர் 20 – 4,20,000 கோடி

முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஒப்பிடுங்கள். பழைய ஒரு மார்க்கின் இடத்தில் இப்போது ஓர் இலட்சம் கோடி மார்க் வைக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்குள் வந்த புயல்

1923 ஜனவரியில் பெர்லின் நகரில் ஒரு ரொட்டி சுமார் 250 மார்க். அதே ஆண்டு நவம்பரில் அது சுமார் 20,000 கோடி மார்க். மாதச் சம்பளம் வாரச் சம்பளமாகி, வாரச் சம்பளம் நாட்கூலியாகி, பல இடங்களில் ஒரே நாளில் இருமுறை கூலி கொடுக்கும் நிலை வந்தது. ஆலை வாயிலில் கணவனின் கூலிக்காக மனைவியர் கூடையும் பையுமாகக் காத்து நின்றார்கள். கைக்கு வந்ததும் கடைக்கு ஓட வேண்டும். மறு விலை அறிவிக்கப்படும் முன் உருளைக்கிழங்கோ ரொட்டியோ வாங்கிவிட வேண்டும். அரை மணி தாமதித்தால் அன்றைய உழைப்பில் பாதி ஆவியாகிவிடும். வீட்டு நிர்வாகம் என்பது அக்காலத்தில் ஓட்டப் பந்தயமாகவே இருந்தது.

உதவாத நோட்டுக் கட்டுகளைக் குழந்தைகள் அடுக்கி விளையாடுவதையும், ஒரு பெண்மணி அவற்றை அடுப்பில் இட்டு எரிப்பதையும் அக்காலப் புகைப்படங்களில் காணலாம். நம் மாணவியருள் அஞ்சல்தலை சேகரிப்பவர்கள் தங்கள் ஏட்டில் தேடிப் பார்க்கலாம். 200 மார்க் என்று அச்சான ஜெர்மானிய அஞ்சல்தலையின் மேல் கறுப்பு மையில் '20 இலட்சம்' என்று அடித்துத் திருத்தியிருப்பார்கள். இறுதியில் 5,000 கோடி மார்க் அஞ்சல்தலையும் வெளிவந்தது.

இன்னொரு வேதனை என்னவென்றால், அவ்வாண்டு விளைச்சல் நன்றாகவே இருந்தது. ஆனால் உழவர்கள் காகிதத்துக்குத் தானியம் கொடுக்க மறுத்தார்கள். களஞ்சியம் நிறைந்திருக்க நகரம் பசித்தது. கம்பளம், கடிகாரம், திருமண மோதிரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நகரத்தார் கிராமங்களுக்குப் போய் உருளைக்கிழங்குக்கு மாற்றினார்கள். இலையுதிர் காலத்தில் பல நகரங்களில் உணவுக் கடைகள் சூறையாடப்பட்டன.

இருட்டில் சில விளக்குகளும் எரிந்தன. போர் முடிந்த காலந்தொட்டே நடு ஐரோப்பாவின் குழந்தைகள் பசியால் வாடினர். 1919 நவம்பரில் திருத்தந்தை 15ஆம் ஆசீர்வாதப்பர், டிசம்பர் 28ஆம் நாளாகிய மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று உலகெங்கும் அவர்களுக்காகக் காணிக்கை திரட்டும்படி சுற்றுமடல் எழுதினார். 1920 முதல் அமெரிக்கக் குவேக்கர் சபையினர் ஜெர்மானியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் உணவு அளித்தார்கள். போரில் எதிரணியில் நின்ற நாட்டிலிருந்து வந்த உணவு அது.

இழந்தவர் யார்? பெற்றவர் யார்?

புயல் அடிக்கும்போது எல்லாரும் நனைவார்கள் என்பது மழைக்குப் பொருந்தும்; பணவீக்கத்துக்குப் பொருந்தாது.

ஓர் ஆசிரியை ஓய்வுக் காலத்துக்கென 10,000 மார்க் சேர்த்து வைத்திருந்தார் எனக் கொள்வோம். 1914இல் அது நல்ல தொகை; 2,300 டாலருக்கு மேல் பெறும். 1923 ஜனவரியில் அதைக் கொண்டு 40 ரொட்டி வாங்கலாம். நவம்பரில் ஒரு ரொட்டி வாங்க, அவரைப்போன்ற 2 கோடிப் பேர் தங்கள் வாழ்நாள் சேமிப்பை ஒன்றாகக் கொட்ட வேண்டும்! கைம்பெண்கள், ஓய்வுபெற்றோர், காப்பீட்டை நம்பியோர், வாடகையிலும் வட்டியிலும் வாழ்ந்த முதியோர் ஆகியோர் சத்தமின்றி ஏழையானார்கள். நன்கொடையாளர் விட்டுச்சென்ற மூலதன வட்டியில் நடந்த மருத்துவமனைகளும், ஆதரவற்றோர் இல்லங்களும், மாணவர் உதவி நிதிகளும் வெறுங்கையாயின. நாட்டை நம்பிப் போர்க்கடன் கொடுத்தார்களே, அந்த 9,800 கோடியும் புதிய பணத்தில் 10 பென்னிக்குகூடப் பெறவில்லை. கோவிலில் தன்னிடமிருந்த இரு காசையும் போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் பாராட்டினார். இங்கோ அத்தகைய காசே முதலில் கரைந்தது.

மறுபக்கம், கடன் வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். நிலத்தை அடகு வைத்த பெருநிலக்காரர்கள் ஒரு கூடை முட்டையின் விலையில் கடனை அடைத்தார்கள். ஹூகோ ஸ்டின்னஸ் போன்ற தொழிலதிபர்கள் மார்க்கில் கடன் வாங்கி, ஆலைகளையும் சுரங்கங்களையும் வாங்கிக் குவித்து, பின்னர் மதிப்பிழந்த காகிதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாரையும்விடப் பெரிய கடனாளி அரசு. அதன் உள்நாட்டுக் கடன் அநேகமாக முழுவதும் துடைத்தெறியப்பட்டது. சட்டப்படி எவரும் எவரையும் கொள்ளையடிக்கவில்லை. ஆயினும் சிக்கனமாக வாழ்ந்தவரின் பொருள் சிக்கனமற்றவரிடம் போய்ச் சேர்ந்தது. உழைத்துச் சேர்ப்பதே மடமை என்று இளைஞர் எண்ணத் தொடங்கினர். பொருள் நட்டத்தைவிட இந்த ஒழுக்க நட்டமே பெரிது.

சந்தையிலிருந்து வீதிக்கு

சேமிப்பை இழந்தவன் தன்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று உணர்கிறான். ஏமாற்றியவர் இன்னார் என்று விரல் நீட்டிக் காட்டுபவனுக்கு அப்போது கூட்டம் சேர்கிறது. 1923 அக்டோபரில் ஹாம்பர்க் நகரில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி எழுந்தது. ரைன் பகுதியைத் தனிநாடாக்கச் சிலர் முயன்றனர். நவம்பர் 8, 9 நாட்களில் மியூனிக் நகரில் அடால்ஃப் ஹிட்லர் அரசைக் கவிழ்க்க முயன்று தோற்றார். காவலர் நால்வர் உட்பட 20 பேர் அந்நிகழ்ச்சியில் மாண்டனர்.

புயல் எவ்வாறு நின்றது?

1923 ஆகஸ்டில் பிரதமரான குஸ்டாவ் ஸ்ட்ரெசமன், செப்டம்பர் 26 அன்று ரூர் ஒத்துழையாமையை நிறுத்தினார். 'நாட்டைக் காட்டிக் கொடுத்தவர்' என்ற பழிச்சொல் வரும் என்று தெரிந்தே அவர் அதைச் செய்தார். நவம்பர் 15 அன்று 'ரென்டன்மார்க்' என்னும் புதிய பணம் வெளிவந்தது. நாட்டின் நிலங்களும் தொழிற்சாலைகளும் அதற்கு ஈடு என்று அறிவிக்கப்பட்டது. பழைய ஓர் இலட்சம் கோடி மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க்.

ஈடு என்ற பெயர் இருந்தாலும், எவரும் நோட்டைக் கொடுத்து ஒரு காணி நிலம் கேட்க முடியாது. பின்பு அப்பணத்தை மக்கள் ஏன் நம்பினார்கள்? இதற்குமேல் அச்சிடுவதில்லை என்று ஒரு வரம்பு கட்டப்பட்டது; அந்த வரம்பு காக்கப்பட்டது. மொத்தம் 240 கோடி; அதில் அரசுக்குக் கடன் 120 கோடி மட்டுமே. டிசம்பரிலேயே அரசு மேலும் கடன் கேட்டது. மறுக்கப்பட்டது. பண ஆணையராக இருந்த யால்மார் ஷாக்ட், அச்சடித்துக் கொடுக்கும் பழைய வழக்கத்துக்கு இடங்கொடுக்கவில்லை. 'இல்லை' என்ற அந்த ஒரு சொல்லே நோட்டுக்கு உயிர் கொடுத்தது எனலாம். உழவர் தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். கடைகளில் பொருள் தோன்றியது. 1924இல் இழப்பீட்டுத் தவணைகளும் திருத்தி அமைக்கப்பட்டன.

இந்தச் சீர்திருத்தத்துக்கும் ஒரு விலை இருந்தது. 1923 அக்டோபர் 27ஆம் நாள் ஆணைப்படி, சில மாதங்களுக்குள் சுமார் 4 இலட்சம் அரசு ஊழியர் நீக்கப்பட்டனர். திருமணமான பெண் அலுவலர்களை வேலையிலிருந்து நீக்க அவ்வாணை தனியாக இடமளித்தது. 1919ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் பெண் அலுவலர்க்கு எதிரான பாகுபாடுகளை ஒழித்திருந்தது. நெருக்கடி வந்ததும் முதலில் மறக்கப்பட்ட வாக்குகளுள் அதுவும் ஒன்று. இதை மாணவியர் மனத்தில் இருத்த வேண்டும். 1925இல் வந்த சட்டம் அடமானக் கடன்களுக்கு மதிப்பில் 25 விழுக்காடு திரும்பக் கிடைக்க வழி செய்தது. அரசுப் பத்திரங்களை வாங்கியோருக்கு அதனினும் மிகக் குறைவே கிடைத்தது.

கற்க வேண்டியவை

இந்தப் பணவீக்கமே ஹிட்லரை ஆட்சியில் அமர்த்தியது என்று சிலர் சொல்வதுண்டு. ஆண்டுகளைப் பார்த்தால் அது முழு உண்மை ஆகாது. பணம் நிலைபெற்றபின் 1928 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 2.6 விழுக்காடு வாக்குகளே. உலகப் பெருமந்தத்தில் வேலையற்றோர் 60 இலட்சத்தை எட்டிய 1932இல்தான் அது 37 விழுக்காட்டைத் தாண்டியது. அப்போதைய பிரதமர் புரூனிங் வேலையற்றோருக்காகச் செலவிடத் தயங்கியதற்கு, 1923 மீண்டும் வந்துவிடுமோ என்ற அச்சமும் ஒரு காரணம். ஒரு புயலின் நினைவு அடுத்த புயலில் கண்ணை மறைத்தது. ஒருமுறை ஏமாந்த நடுத்தர மக்களின் நம்பிக்கை இரண்டாம் அடியைத் தாங்கவில்லை.

மாணவியரே, சேமிப்பு நற்பழக்கம். அதைக் கைவிட வேண்டாம். ஆனால் உண்டியலைக் காக்கும் பூட்டு உண்டியலில் மட்டும் இல்லை. நாட்டின் நேர்மையிலும் இருக்கிறது. ஆகவே, ஆட்சிக்கு வர விரும்புவோர் எதையேனும் இலவசமாகத் தருவதாகச் சொல்லும்போது, 'இதற்கு யார் பணம் கொடுப்பார்?' என்று மரியாதையாகக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை 1914இல் கேட்டவர் மிகச் சிலரே. விலைவாசி ஏறிய நாளில், ஓர் இனத்தையோ சமயத்தையோ சுட்டிக்காட்டி 'இவர்களால்தான்' என்று எவரேனும் சொன்னால், ராத்தனோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. குழந்தைகள் பணத்தைப் பற்றி முதலில் கற்பது வீட்டில். மளிகைக் கடைப் பாக்கியைச் சொன்ன நாளில் கொடுப்பதும், வேலைக்கு வரும் அம்மாளின் கூலியைத் தள்ளிப்போடாமல் தருவதும், தர இயலாததை 'இயலாது' என்று சொல்லிவிடுவதும் அவர்கள் கண்முன் நடக்கும் பாடங்கள்.

வகுப்புச் சுற்றுலாவுக்குத் தோழியர் கொடுத்த காசைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பெண், கேட்ட பொழுது கணக்குக் காட்டும் பெண், கடன் வாங்கிய புத்தகத்தைச் சொன்ன நாளில் திருப்பித் தரும் பெண் ஆகியோரை நாம் பெரிதாகப் பாராட்டுவதில்லை. ஆனால் நாளை வங்கியிலும், அலுவலகத்திலும், ஊராட்சியிலும், சட்டமன்றத்திலும் அமரப்போகிறவர்கள் அவர்களே. மணல்மீது கட்டிய வீடு வெயிலில் நன்றாகத்தான் இருக்கும். மழை பெய்து காற்று வீசும்போதே அடித்தளம் தெரியவரும். சொன்ன சொல்லில் நிற்பவர்கள் போதிய அளவு உள்ள நாட்டின் பணம் புயலையும் தாங்கும். அத்தகையோராக நம் பள்ளிப் பிள்ளைகள் வளர இறைவன் அருள்புரிவாராக.